உள்ளேயிருந்து திறக்கும் டிக்கி

இப்போதெல்லாம் கார் ஷோரூமை விட்டு வரும்போதே தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் டிக்கியோடு வருகிறது. நாங்கள் அறுத்து, துளைத்து, ஒயர் இழுத்துச் செய்த வேலையை இன்று கம்பெனியே செய்து கொடுத்துவிடுகிறது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும், என்னோடு தொழில் செய்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சிலரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லேஸ்வரம் காபிக் கடையில் பார்ப்பேன். போன மாதம் அவர்களில் ஒருவர் கேட்டார்.

"ஏண்ணா, உங்க ஷெட்ல வேலை செஞ்ச வண்டிங்கள்ல மட்டும் டிக்கிக்குள்ள ஒரு கேபிள் வளையம் இருக்கும். கஸ்டமர் கேக்கவே மாட்டான். அப்புறம் எதுக்கு அதை வெச்சீங்க?"

"ஒரு சேஃப்டிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பேச்சை மாற்றினேன். நின்றுகொண்டு காபி குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு, பிறகு கலாசிபாளையத்தில் லாரிகளுக்கு ஹெட்லைட் ஒயரிங், அப்புறம் கார்களுக்கு ஹாரன், ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா. எந்தக் காலத்தில் எந்த வசதிக்கு ஆசை வந்ததோ, அந்தக் காலத்தில் அதை மாட்டிக் கொடுத்தோம். ஓசூர் ரோடில் ஒரு பெரிய கார் ஆக்ஸசரீஸ் கடையில் நான் சேர்ந்தபோது ஆட்டோமேட்டிக் டிக்கிக்கு மவுசு வந்திருந்தது. கை நிறையப் பையோடு வந்து, பம்பருக்கு அடியில் காலை ஆட்டினால் டிக்கி திறக்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

அங்கே எனக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் ஜப்பார் பாய். கனத்த உடம்பு, எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவர் எதையும் நம்ப மாட்டார். சீல் உடைக்காத பெட்டியிலிருந்து எடுத்த புது ஃபியூஸைக்கூட டெஸ்ட் லேம்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். "டைட் பண்ணிட்டேன் பாய்" என்று நான் சொன்னால், "ஹௌ, ஹௌ" என்று ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து அதே போல்ட்டைத் திருப்பிப் பார்ப்பார். டீ வந்தால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கஸ்டமர் ஒன்று சொன்னால், அதையே வேறு விதமாக மறுபடி கேட்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று மனைவி சொன்னாலும் எழுந்துபோய்ப் பார்க்க ஆரம்பித்தேன்.

வேலைமுறை இதுதான். டிக்கி மூடியைத் தாங்கும் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்த தண்டுகளைப் பொருத்த வேண்டும். பூட்டை மாற்ற வேண்டும். பம்பருக்கு அடியில் சென்சார். இடது பக்க கார்பெட்டுக்குப் பின்னால் கன்ட்ரோல் பெட்டி. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ஒரு ஒயர். கடைசியாக கியரிலிருந்து ஒரு சிக்னல். கியர் பார்க்கிங்கில் இருந்தால்தான் மோட்டார் வேலை செய்யும். இந்தக் கடைசி ஒயரைச் சில கடைகளில் சோம்பலால் விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட ஒரு வண்டி ஃப்ளைஓவரில் போகும்போது டிக்கியைத் திறந்துகொண்டு, துணிமணிகளை வழியெல்லாம் இறைத்துவிட்டு எங்களிடம் வந்தது. அதிலிருந்து ஜப்பார் பாய் அந்த ஒயரை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளரிக்காயை டிக்கி விளிம்பில் வைத்து மூடச் சொல்வார். மூடி காயைத் தொட்டதும் நின்று, திரும்ப மேலே போக வேண்டும். காய் நசுங்கினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். காய் தப்பித்தால் அடுத்து தன் கையை வைப்பார். மீந்த வெள்ளரிக்காயை உப்புப் போட்டுச் சாப்பிடுவோம். கடையில் நாங்கள் சிரித்துப் பேசிய நேரம் அது ஒன்றுதான்.

அந்தக் கார் வந்தது ஒரு சனிக்கிழமை. நீளமான செடான், வெள்ளை நிறம். டிக்கி தனி அறைபோல முழுக்க மூடியிருக்கும், உள்ளேயிருந்து சீட்டுப் பக்கம் வர வழி கிடையாது. புருஷன், பெஞ்சாதி இருவரும் வந்தார்கள். இருவருக்கும் தமிழ்நாடு, இங்கே ஐ.டி. வேலை. அந்த மனிதர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். என்னை "அண்ணா" என்றார், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாவின் பெயர் வித்யா என்று அவர் கூப்பிட்டதில்தான் தெரிந்தது. அவராக எதுவும் பேசவில்லை.

மாட்டப்போகும் டிக்கி கிட்டின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கேட்டார்.

"டிக்கி நெறைய சாமான் வெச்சா, உள்ளருந்து முட்டித் தள்ளி தானா திறந்துக்காதே?"

"திறக்காது சார். லாக் ரொம்ப ஸ்ட்ராங்" என்றேன்.

"அப்ப ஓகே. இன்னொண்ணு, இடது பக்க டெயில் லைட் எரியல. அதையும் பாத்துடுங்க."

அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே கடை வாசலுக்குப் போனார். அவர் முதுகைத் திருப்பியதும் வித்யா என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது உள்ளருந்து திறக்குமா?"

"உள்ளன்னா, டிரைவர் சீட்லருந்தா மேடம்? அதுக்கு பட்டன் இருக்கு."

"இல்ல. டிக்கி உள்ளருந்து."

"அதெல்லாம் திறக்காதும்மா" என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டார். அவர் கணவர் பேசி முடித்துத் திரும்பினார். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இருவரும் ஆட்டோவில் போனார்கள்.

ஜப்பார் பாய் பக்கத்து வண்டியின் கீழே படுத்திருந்தார். அவர் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா இன்னா கேட்டாங்க?"

சொன்னேன்.

"காய்கு?" என்றார். ஏன் என்று அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார். "சாமானுக்கு எதுக்குப்பா உள்ளருந்து திறக்கணும்?"

"சும்மா கேட்டிருப்பாங்க பாய்."

"அவன் உள்ளருந்து தள்ளினா திறக்குமான்னு கேக்கறான். இவங்க உள்ளருந்து திறக்குமான்னு கேக்கறாங்க. ரெண்டு பேரும் சும்மா கேப்பாங்களா?"

எனக்கு அப்போது ஜப்பார் பாய் மேல்தான் சந்தேகம் வந்தது. இந்த மனிதருக்கு வேறு வேலையில்லை, ஃபியூஸைச் சந்தேகப்பட்டவர் இப்போது குடும்பங்களையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தம்மாவையும் சந்தேகப்பட்டேன். கணவர் டிக்கியில் வைக்கும் எதையோ அவருக்குத் தெரியாமல் எடுக்க வழி பார்க்கிறாரோ என்றும் தோன்றியது.

மதியம் டெயில் லைட்டைப் பார்த்தேன். பல்ப் நன்றாகத்தான் இருந்தது. டிக்கிக்குள் தலையை விட்டு, விளக்குக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தேடினேன். அது உடைந்து தொங்கியது. ஒயர்கள் சாக்கெட்டோடு பிய்ந்து வந்திருந்தன. எலி வேலை என்று சொல்லிக்கொண்டே ஜப்பார் பாயைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எலி கடிச்சா பல்லு தெரியும். இது கையால இழுத்தது. மூடியப் பாரு, உள்பக்கத்துலருந்து ஒடைச்சிருக்காங்க."

டார்ச் வெளிச்சத்தை மெதுவாக நகர்த்தினார். டிக்கி மூடியின் உள்பக்க லைனிங்கில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், பஞ்சு தேய்ந்து சில இடங்களில் தகரம் பளபளத்தது. செருப்புக் காலால் உதைத்தால் அப்படித்தான் ஆகும்.

"போலீஸ்ல சொல்லிடலாமா பாய்?"

"இன்னான்னு சொல்லுவே? ஒரு லைட் எரியல, ஒரு அம்மா ஒரு கேள்வி கேட்டாங்கன்னா? அவன் டீ வாங்கிக் குடுத்துட்டு சிரிச்சுட்டுப் போவான். அப்புறம் வீட்ல அந்தம்மாவுக்கு இன்னா நடக்கும்?"

"அந்தம்மாவையே கேட்டுடலாமே?"

கடையில் பதிந்திருந்த எண்ணுக்கு, கார்பெட் நிறம் கேட்பதுபோல அவர் கூப்பிட்டுப் பார்த்தார். கணவர் எடுத்தார். பெட்ரோல் மூடிச் சாவியைக் கேட்டு மறுபடி கூப்பிட்டார். அப்போதும் கணவரேதான். போனை வைத்துவிட்டு ஜப்பார் பாய் சொன்னார்: "உள்ளருந்து திறக்கற மாதிரி நாமே வெச்சுடலாம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரனுக்குத் தெரியாமல் அவன் வண்டியில் கை வைப்பது தொழிலுக்கே துரோகம். நாங்கள் நினைப்பது தப்பாக இருந்தால் கடைக்கே கெட்ட பெயர். இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"தப்பா இருந்தா ஒரு கேபிள் சும்மா கிடக்கும். வேற ஒண்ணும் ஆகாது" என்றார்.

முதலில் ஒரு பட்டன் வைக்கலாம் என்றுதான் யோசித்தேன். ஒயர் இழுத்து டிக்கிக்குள் ஒரு சுவிட்ச் பொருத்தினேன். ஜப்பார் பாய் என்னை உள்ளே படுக்கச் சொன்னார். நான் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். மூடி மெதுவாக இறங்கியது. கடைசியில் பூட்டு தானாக இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. இருட்டு. ரப்பரும் கார்பெட் பசையும் கலந்த நாற்றம். மூச்சு விட்டால் முகத்திலேயே திரும்பி அடித்தது. வெளியே அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரை டிரைவில் போட்டார். நான் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். வெளியே ஜப்பார் பாய் இருக்கிறார், திறந்துவிடுவார் என்று தெரியும். ஆனாலும் என் கால் தானாக மூடியை உதைத்தது.

திறந்ததும் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

"பாத்தியா? பார்க்கிங்ல இருந்தாத்தான் வேலை செய்யும். நாமதானே அந்த ஒயரப் போட்டோம்" என்றார். "கரண்ட் நக்கோ, வேணாம். கேபிள் போடு."

பூட்டின் நெம்புகோலிலிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை இழுத்து, மேல்பக்க லைனிங்குக்குப் பின்னால் ஒரு வளையமாக முடித்தோம். பேட்டரி செத்தாலும், கியர் எதில் இருந்தாலும் இழுத்தால் பூட்டு விடும். தண்டுகளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மூடியைக் கொஞ்சம் தூக்கும். அதன்பின் கியர் பார்க்கிங்கில் இருந்தால் மீதியை மோட்டார் தூக்கும், இல்லாவிட்டால் கையால் தள்ளினால் போதும்; பஸ்ஸர் இரண்டிலும் அடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு காரில் இதுபோல இருட்டில் மின்னும் கைப்பிடி பார்த்திருக்கிறோம். இங்கே மின்ன விடமுடியாது. அவன் கண்ணில் படும். இருட்டில் கை தடவினால் மட்டும் சிக்கும்படி வைத்தோம். நானே மறுபடி உள்ளே படுத்து, இழுத்துப் பார்த்தேன். திறந்தது. ஜப்பார் பாய் நம்பாமல், தன் உடம்பையும் திணித்துப் படுத்து இழுத்துப் பார்த்தார்.

அந்த இடம் வித்யாவுக்குத் தெரிய வேண்டுமே, அதுதான் இனிக் கஷ்டம்.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். அந்த மனிதர் காலை ஆட்டி டிக்கியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து சிரித்தார். வித்யா தள்ளி நின்றார். ஜப்பார் பாய் ரொம்பச் சாதாரணமாகக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க மேல லைனிங் ஓரம் கொஞ்சம் கூர்மையா இருக்கு. துணி கிணி மாட்டி கிழிஞ்சுடும். கைய உட்டுப் பாத்து சொல்லுங்க, வெட்டி உடறேன்."

"நான் பாக்கறேன்" என்று கணவர் முன்னால் வந்தார்.

"சார், நீங்க டிரைவர் சீட்டுக்கு வாங்க. ரிமோட்ட வண்டியில பதிவு பண்ணணும், சாவி வெச்சிருக்கறவங்கதான் உக்காரணும்" என்றேன். ரிமோட்டை முந்தின நாளே பதிந்திருந்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு ஜப்பார் பாயைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். நான் கதவருகே நின்று, தேவையில்லாத பட்டன்களையெல்லாம் அமுக்கச் சொன்னேன்.

பின்னால் வித்யா டிக்கிக்குள் கையை விட்டிருந்தார். முழங்கைவரை உள்ளே போன கை அப்படியே நின்றது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஜப்பார் பாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூர்மையா இல்ல. சரியாத்தான் இருக்கு" என்றார் வித்யா. "இப்படியே இருக்கட்டும்."

அவர்கள் போய்விட்டார்கள். அதன்பிறகு எனக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒரு நாள், எல்லாம் எங்கள் கற்பனை என்று தோன்றும். மறுநாள், அந்த லைனிங் தேய்ந்திருந்தது நினைவுக்கு வரும். கடைக்கு முன்னால் வெள்ளைக் கார் எது நின்றாலும் திரும்பிப் பார்ப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதர் மட்டும் தனியாக வந்தார்.

"அந்த பீப் சத்தம் வேண்டாம்ணா. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

"அது போர்டுலயே வருது சார். எடுத்தா மோட்டார் நின்னுடும்" என்றார் ஜப்பார் பாய். அது பொய். ஒரு ஒயரை உருவினால் போதும்.

அந்த மனிதர் சிரித்தார். "அன்னைக்கு லைனிங் பத்தி என்னமோ சொன்னீங்களே?" என்று கேட்டுக்கொண்டே டிக்கியைத் திறந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரல்கள் வளையத்துக்கு ஒரு சாண் கீழே போய்த் திரும்பின. ஜப்பார் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் டிக்கியை மூடிவிட்டுக் கிளம்பினார்.

நடந்ததை நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில்தான் தெரிந்துகொண்டோம். ஒரு நாள் சாயந்திரம், பொம்மசந்திராவில் ஃபாக்டரிகள் விட்ட நேரம். ஓசூர் ரோடில் வண்டிகள் அசையாமல் நின்றிருந்தன. நின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக் காரின் டிக்கி பீப், பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகத் திறந்தது. உள்ளே ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தார். பின்னால் நின்றது கம்பெனி பஸ். அதிலிருந்த பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்த கணவர் "விளையாட்டு, ஃபேமிலி மேட்டர்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்கள் வித்யாவைத் தங்கள் நடுவில் நிறுத்திக்கொண்டு, போலீஸ் வரும்வரை அவரைக் காரில் ஏற விடவில்லை.

மறுநாள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டிக்கி கோளாறு, கடைக்காரன் அனுமதியில்லாமல் எதையோ மாட்டியிருக்கிறான் என்று கணவர் தரப்பில் புகார். அவர் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார், எதிர்ப்பக்கம் வித்யா. எங்கள் முதலாளியும் வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. கேபிளைக் காட்டி, "யாரு மாடித்து இது?" என்று, இதைச் செய்தது யார் என்று, கன்னடத்தில் கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றார் ஜப்பார் பாய்.

"வண்டி ஓனர் கேட்டாரா?" இந்த முறை அவர் தமிழிலேயே கேட்டார்.

"இல்ல."

"அப்ப யார் சொல்லிப் போட்டீங்க?"

"யாரும் சொல்லல. டிக்கிக்குள்ளருந்து திறக்குமான்னு இந்தம்மா கேட்டாங்க. லைட் ஒயரு உள்ளருந்து பிச்சிருந்துச்சு. எனக்கு சந்தேகம் வந்துச்சு. போட்டேன்."

வக்கீல் எழுந்து, சந்தேகப்பட்டு அடுத்தவன் சொத்தில் கை வைக்க நீ யார் என்று கேட்டார். வித்யாதான் பதில் சொன்னார். அன்றுதான் அவர் முழுசாகப் பேசிக் கேட்டேன்.

"சண்டை வந்தா போனைப் பிடுங்கிட்டு டிக்கில போட்டு ஊரைச் சுத்துவார். அழுகை நின்னாத்தான் திறப்பார். முன்னாடி லைட்ட ஒடைக்கப் பாத்தேன், முடியல. கேபிள் வெச்சப்புறமும் உள்ள போட்டார். நான் இழுக்கல. ஆளில்லாத எடத்துல திறந்தா, அவர் கேபிளைப் பாத்துடுவார், அதோட போச்சு. சுத்தி ஆள் சத்தம் கேக்கணும்னு காத்திருந்தேன். நேத்து வண்டி நின்னுச்சு. பக்கத்துல பொம்பளைங்க பேசற சத்தம் கேட்டுச்சு. இழுத்தேன்."

அந்த சப்-இன்ஸ்பெக்டர் வக்கீலை உட்காரச் சொன்னார்.

எங்கள் மேல் இருந்த புகார் நிற்கவில்லை. ஆனால் முதலாளி ஜப்பார் பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "நல்ல காரியம்தான். ஆனா என் கடையில இனிமே எவன் நம்பி வண்டி விடுவான்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. நானும் வேலையை விட்டேன். ஜப்பார் பாய் ஒரு தகர ஷெட் எடுத்தார், ஓய்வு பெறும்வரை அவரோடுதான் இருந்தேன். அங்கே வரும் எல்லாச் செடானுக்கும் கேபிள் வைத்தோம். இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டு, மின்னும் கைப்பிடியோடு வைத்தோம். பெரும்பாலானவர்கள் குழந்தைகள் ஒளிந்து விளையாடினால் நல்லது என்று ஒத்துக்கொண்டார்கள். "அதெல்லாம் வேண்டாம்" என்றவர்களை ஜப்பார் பாய் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

வித்யா ஒரு முறை வந்தார். சொந்தமாக ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தார், அம்மாவோடு இருந்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரேக்கையும் பேட்டரியையும் பார்க்கச் சொன்னார்.

"டிக்கி ஆட்டோமேட்டிக் போட்டுடவா மேடம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேண்டாம்ணா. கையாலயே திறந்துக்கறேன்" என்றார். பேட்டரி கிளாம்ப் லூசாக இருந்தது. டைட் செய்து கொடுத்தோம். ஓட்டிக்கொண்டு போனார்.

நான் எத்தனையோ டிக்கிகள் மாட்டியிருக்கிறேன். அவர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்க முடியாமல் கணவன் பக்கத்திலேயே நின்ற பெண்களின் முகங்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

போன வாரம் மகள் வீட்டு அபார்ட்மெண்ட்டின் பேஸ்மெண்டில் லிஃப்டுக்காக நின்றிருந்தேன். ஒரு புதுக் கார் வந்து நின்றது. சாவியோடு ஒருவர் இறங்கினார், மனைவி மறுபக்கம் இறங்கினார். டிக்கி சத்தமே இல்லாமல் திறந்தது. இரண்டு காய்கறிப் பைகள் இருந்தன. நான் இரண்டடி முன்னால் போய், குனிந்து உள்ளே பார்த்தேன்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. லைனிங் நல்லா இருக்கான்னு பாத்தேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு, டிக்கியை மூடி, பூட்டியதை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, லிஃப்ட் வரும்வரை என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கட்டும்.